பத்தியம்

கோழி என்று பேர் இருப்பதால்தானோ
முட்டை அட்டைகளில் குடித்தனம்.
நூற்றிருபது சுவர்க்கோழிகள், எல்லாம் ஆண்,
பிளாஸ்டிக் தொட்டிக்குள்
பூனைத் தீனி தின்று இரவை அராவுகின்றன.
ஹாலிஃபாக்ஸில் மூடுபனி.
துறைமுகத்துச் சங்கு ஊதும்போது நிறுத்துகின்றன,
பிறகு விட்ட இடத்திலிருந்து.

ஓடில் கோமோ ஒன்றைப் பிடிக்கிறாள்.
முதுகில் ஒரு சொட்டு மெழுகு, மெழுகில் ஒரு குச்சி,
எதிரே மேசை விசிறி.
காலுக்கடியில் தரை இல்லையென்று தெரிந்ததும்
இறக்கை விரிகிறது.
எங்கும் போகாத பறத்தல், ஐந்து நிமிடம்.
இறக்கியதும் ஊசி முனையில்
சிவப்பாய் வளரும் கிருமி கொஞ்சம்.
எண் 41, பறந்தது.
எண் 42, பறக்கவில்லை. அதே ஊசி, அதே அளவு.

நாட்கள் கழித்து எண்ணினால்
பறந்தவற்றில் சாவு அதிகம்.

ரத்தம் என்று சொல்லலாமா அதை?
சிவப்பே கிடையாது, கஞ்சித் தெளிவு போல ஒன்று.
அதில் ஒரு புரதம்.
சும்மா மிதக்கையில்
அந்நியக் கிருமியைத் தொட்டுப் பார்த்து
ஊரைக் கூட்டும்.
பறக்கவேண்டும் என்று உத்தரவு வந்தாலோ
கொழுப்பு ஏற்றிய வண்டிகளில் தொற்றிக்கொள்ளும்.
இறக்கைத் தசைக்கு எண்ணெய் போயாகவேண்டுமே.
மூட்டை தூக்கப் போய்விட்ட காவல்காரன்.
வாசல் அப்படியே கிடக்கிறது.

அடுத்த சோதனைக்கு இரண்டு கிண்ணம்.
ஒன்றில் கொழுப்பு கூடிய தீனி, ஒன்றில் குறைந்தது.
காய்ச்சல் கண்ட பூச்சி
(காய்ச்சல் என்று எழுதினால் பேராசிரியை அடித்துவிடுவார்,
அதற்கு உடம்பு சுடவில்லை)
உணர்கொம்பால் கொழுப்பைத் தடவிப் பார்த்து
நகர்ந்துபோகிறது.
லங்கணம் பரம ஔஷதம் என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.
செரித்த கொழுப்பைச் சுமக்கவும்
அதே ஆள்தான் போகவேண்டும் என்பதை
அது எந்த ஏட்டிலும் படிக்கவில்லை.

நவம்பர் கடைசித் திங்கள், கூண்டு இறக்கும் நாள்.
செயின்ட் மேரி விரிகுடாவில் அண்ணன் ஆன்செல்ம்
பதினெட்டு மணி நேரம் படகில் நின்றான்.
கயிறு உள்ளங்கையைக் கிழித்தது முதல் மணியிலேயே.
கையுறையை இழுத்து மூடிவிட்டு
முந்நூற்று எழுபத்தைந்து கூண்டும் இறங்கியபிறகுதான் பார்த்தான்.
புதன்கிழமை, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு
ஒரு சிவப்புக் கோடு.

வியாழன், ஆஸ்பத்திரி.
அம்மா கொடுத்தனுப்பிய மீன் சூப்,
மேலே வெண்ணெய் மினுங்குகிறது.
ஒரு வாய், என்கிறாள் ஓடில்.
அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புகிறான்.
ஒரே ஒரு வாய்டா.
சொன்ன குரல் தனக்கே கேட்டபோது
கரண்டி நின்றது.

மனிதன் பூச்சியல்ல.
அவள் அட்டவணையில் அண்ணனுக்கு வரிசை கிடையாது,
ஒப்பிட ஒரு 42 கிடையாது,
கடலுக்குப் போகாத இன்னொரு ஆன்செல்ம்
எந்தத் தொட்டியிலும் இல்லை.
இதையெல்லாம் அவள் அறிவாள்.
மருந்து சொட்டுச் சொட்டாய் இறங்கும் குழாயைப் பார்க்கிறாள்,
மூடியைத் திருகி மூடுகிறாள்.

சாப்பிட்டாரா? என்று செவிலி கேட்கிறாள்.
இல்லை. தண்ணீர் மட்டும்.

பசி எடுத்து, ராத்திரி காருக்குள் அமர்ந்து
அதை அவளே குடிக்கிறாள்.
ஆறிவிட்டது.
வெண்ணெய் உறைந்து
மேலண்ணத்தில் ஒட்டுகிறது.