குதிரை, பிறகு

கல்லவேசி ஏரியில் பனிக்கட்டி விரிசல் விட்ட வாரம்
உன்னைப் புதைத்தோம், தௌனோ.
மண் இன்னும் பாறைதான்.
குழி வெட்டியவர் இரண்டு தரம் காபி குடிக்கப் போனார்.
நீ இருந்தால் கூடவே போயிருப்பாய்.

கதவைத் தட்டத் தெரியாதவனடா நீ.
சமையலறை ஜன்னலோரம் நின்று குரைப்பாய்.
எதிர்வீட்டு நாய் பதில் சொல்லும்,
நீ விடமாட்டாய், அதுவும் விடாது.
என் மாமியார் முதன்முதலாக விருந்துக்கு வந்த அன்றும் அப்படித்தான்.
அன்றைய கோபம்
பாதி இன்னும் மிச்சமிருக்கிறது.

சவுனாப் படியில் துண்டோடு உட்கார்ந்து சீட்டாட்டம்.
ஈரிஸ் முன்பல் விழுந்த வயதிலேயே
உன்னை ஜெயிக்க ஆரம்பித்தாள்.
தோற்றதையெல்லாம் நீல நோட்டில் எழுதினாய்,
வட்டி போட்டு.
நேற்று அது கிடைத்தது, மீன்தூண்டில் பெட்டிக்கு அடியில்:
மருமகளுக்குத் தரவேண்டியது
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ,
படகு ஒன்று,
குதிரை, பிறகு.

இருபத்தாறு வயதுக்காரி
தரையில் சம்மணம் போட்டுக் கூட்டிப் பார்த்தாள்.
"ஒரே ஆட்டத்தை ரெண்டு தடவை எழுதியிருக்கார் மாமா,
எனக்கு அதிகமா வருது" என்றாள்.
பென்சில் தேடினாள். கையில்தான் இருந்தது.

படகு இருக்கிறது, ஓட்டையோடு.
வங்கியில் எழுபது யூரோ.
குதிரைக்கு நான் யாரைக் கேட்பேன்?

இன்று மதியம் சூப் கொதிக்கும்போது
நாய் குரைத்தது.
தபால்காரரைப் பார்த்துத்தான்.
அதற்குள் ஒரு தட்டு கூடுதலாக எடுத்துவிட்டேன்.
எடுத்ததை என்ன செய்ய,
ரொட்டியை அதில் வைத்தேன்.