தரை வியர்க்கும் இடம்

ராய்விஸ் மூன்று சதுரங்களை மேசைமேல் பரப்பினான்.
சாம்பல், செங்கல், கடல்பச்சை.
கடல்பச்சையில் அவன் பல்வரிசை தெரிந்தது.
எபாக்சி, என்றான்
விருந்துக்கு அழைப்பவன் குரலில்.
டாக்னியா தடவிப் பார்த்தாள்.
விரல் தானாகவே வழுக்கி
ஒப்பந்தத் தாளுக்குப் போனது.

நான் வாய் திறக்கவில்லை.
வால்மியெராவுக்கு வடக்கே, காட்டோரம்,
நாளைக்கு நாற்பது டன் பால் வந்திறங்கும் ஆலையில்
பழுதுபார்ப்பவனிடம் யாரும் நிறம் கேட்பதில்லை.
உரிந்த பிறகுதான் கூப்பிடுவார்கள்.

உரிந்துகொண்டுதான் இருக்கிறது பழைய பூச்சு,
கோடையில் கடலுக்குப் போய்வந்த முதுகு மாதிரி.
அடியில் குழிகள்.
பாலாடைக்கட்டி வடித்த புளிநீர்
சிமென்ட்டைத் தின்று
கூழாங்கல்லைத் துப்பிவிட்டுப் போயிருக்கிறது.
குழியில் தங்கும் பால் என்ன ஆகும் என்று
ஆய்வாளர் வந்து சொல்ல வேண்டாம்.
மூக்கு சொல்லும்.
போன ஜனவரியில் இதே வடிகால் பக்கத்தில்தான்
இமாந்த்ஸின் காலை வாரிவிட்டது தரை.
இப்போது அவன் இடுப்பில் இரண்டு திருகாணி.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும்
ஒரு முழம் பாலித்தீன் வெட்டி
நான்கு ஓரமும் டேப் ஒட்டி
தரையோடு தரையாக அடைத்துவிட்டுப் போனேன்.
திங்கள் காலை
அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர்.
சதுப்பு மேல் எழுப்பிய கட்டடம்,
சதுப்பைக் கேட்காமல்.
இந்தக் கான்கிரீட்டுக்கு நெஞ்சில் ஈரம் உண்டு.
அதன் வாயைப் பொத்தினால்
கீழிருந்து முட்டும்.

ராய்விஸ் மண்டியிட்டுப் பார்த்தான்.
இதற்கு ஒரு ப்ரைமர் இருக்கிறது, என்றான்.
எதற்குத்தான் இல்லை.

மூன்று வாரம் கழித்து
இரவுத் துப்புரவு ஸ்கைத்ரீதே
ஒரு வாளியோடு கூட்டத்துக்குள் வந்தாள்.
யாரும் அழைக்கவில்லை.
சதுரங்கள் மூன்றும் அதில் கிடந்தன, புளிநீரில்.
காணாமல் போனதாக நாங்கள் தேடியவை.
ராத்திரிதோறும் எண்பது டிகிரி வெந்நீர் அடித்தேன், என்றாள்,
உடனே பச்சைத்தண்ணீர்.
என் வேலையே அதுதானே.

கடல்பச்சையில் கட்டைவிரல் பருமனுக்குக் கொப்புளம்.
சாம்பல் ஓரம் கிளம்பிச் சுருண்டிருந்தது.
செங்கல் மட்டும்
போன வாரம் எப்படி அசிங்கமாக இருந்ததோ
அப்படியே.
பாலியூரித்தேன் சிமென்ட், முணுமுணுத்தான் ராய்விஸ்,
விலை இரண்டு மடங்கு.

அவள் பூட்ஸைக் கழற்றி
ஈரக் காலுறையோடு அதன்மேல் ஏறி நின்றாள்.
வழுக்கவில்லை.
ஆனால் மணல் பெரிசு, என்றாள்.
என் மாப்பின் நூலைப் பிடுங்கும்,
இடுக்கில் தயிர் உட்காரும்.
ஒரு பிடி பொடியாகப் போடு.
நிற்பதும் நான், தேய்ப்பதும் நான்.

அரை மில்லிமீட்டருக்கு
அரைநாள் வாதம்.
மாடுகளுக்கு விடுமுறை சொல்ல முடியாது.
யாணி இரவுக்கு
சீமைச்சீரகம் போட்ட கட்டியெல்லாம் கடைக்குப் போய்ச் சேர்ந்து
ஊரே நெருப்பு மூட்டித் தூங்காமல் கிடந்து
மறுநாள் தலைவலியோடு புரளும்போது
எங்களுக்கு நான்கு நாள் கிடைத்தது.
தரையைச் சுரண்டினோம்.
வடிகால் பக்கம் சரிவு வைத்தோம்.
மூன்றாம் தூணுக்குப் பின்னால் கலவை தீர்ந்து
ஒரு பாய் அகலம் வேறு செங்கல் நிறம்.
அது எனக்கு மட்டும் தெரியும்,
இப்போது உங்களுக்கும்.

கசாப்புக்கடை மாதிரி இருக்கிறது, என்றாள் டாக்னியா,
விருந்தாளிகளை அந்தப் பக்கம் அழைத்துப் போவதில்லை.

முதல் இரவு ஸ்கைத்ரீதே குழாயைத் திறந்தாள்.
வெந்நீர் விழுந்தது, ஆவி எழுந்தது,
நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம்.
ஒன்றும் நடக்கவில்லை.
அதற்குத்தான் இத்தனை பணம்.

கடல்பச்சைச் சதுரம்
டாக்னியாவின் மேசையில் இருக்கிறது.
அதன்மேல் காபி வைக்கிறாள்.
கொப்புளத்தில்
கோப்பை கொஞ்சம் ஆடுகிறது.