ஏழு லிட்டர்

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
நான் கடலில் போட அளப்பவள்.
கோசோத் தீவு, ஷ்லெண்டி வளைகுடா,
படகுச் சரிவுக்குப் பின்னால் கம்ப்ரசர் அறை.
காலை ஆறு மணியிலிருந்து காதில் பஞ்சு.

முகங்கள் எனக்கு மறந்துபோகும்.
திரும்பி வரும் உருளையில் மிச்சம் எத்தனை என்பது
மறக்காது.
பயந்தவர்கள் முப்பதோடு வருவார்கள்,
படம் எடுப்பவர்கள், வெட்கமே இல்லாமல், பத்தோடு.
விஸ்டின் ஐம்பது.
அவன் மனைவி மார்தீஸ் நூற்றுப்பத்து.
ஒரே பாறை, ஒரே ஆழம், ஒரே முப்பது நிமிடம்.
இருவர் முதுகிலும் பன்னிரண்டு லிட்டர் இரும்பு.

கணக்கு கடினமில்லை.
பத்து மீட்டரில் ஒரு மூச்சு இரண்டுக்குச் சமம்,
இருபதில் மூன்றுக்கு.
விஸ்டின் கல் அறுப்பவன், கதவளவு மார்பு.
அவள் தபால் நிலையத்துக்காரி,
மூச்சைக்கூட எடை பார்த்துத்தான் அனுப்புவாள்.
யாருடைய முள் முதலில் ஐம்பதைத் தொடுகிறதோ
அவரோடு இருவரும் மேலே வந்துவிட வேண்டும்.
சனிக்கிழமைதோறும்
கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டுகிறவன்
அவன்தான்.

"பதினைந்து எடுத்துக்கொள்" என்றேன் ஒருமுறை.
"அது தொப்பைக்காரர்களுக்கு" என்றான்,
தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு.

ஏப்ரலில் மார்தீஸ் தனியாக உள்ளே வந்தாள்.
சுவரோரம், பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த
ஏழைத் தூக்கினாள்.
"முதுகு வலி" என்றாள்,
அவனிடம் சொல்லிப் பழகிய குரலில்.
அன்று அவன் ஐம்பது, அவள் நாற்பத்தாறு.
படிக்கட்டில் அவன் குரல் கேட்டது:
"இன்றைக்கு நீயும் தீர்த்துவிட்டாயே!"
அவ்வளவு சந்தோஷத்தைக் காட்ட
எந்த மானியிலும் இடமில்லை.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.
மிச்சம் என்பது அவரவர் சொத்து இல்லை,
பக்கத்தில் நீந்துகிறவருக்கும் அதில் பங்குண்டு.
அவள் வீணாகத் திருப்பிக் கொண்டுவந்த நூற்றுப்பத்தில்
பாதி
என்றைக்கும் விஸ்டினுடையது.
சொல்லவில்லை. நிரப்பிக் கொடுத்தேன்,
அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும்.

மே மாதம், குகையின் வெளிவாசல், பதினெட்டு மீட்டர்.
அவன் வாயிலிருந்த கருவி
திறந்த குழாயாகிப் பொங்கியது, நிற்கவில்லை.
கல் அறுப்பவனும் தபால்காரியும்
ஒரு பிள்ளையின் காற்றை
ஆளுக்கொரு வாயாகக் கொண்டு ஏறினார்கள்.
மேலே வந்தபோது
மிச்சம் எட்டு.

ஏழை என் மேசையில் வைத்தான்.
மூக்கிலிருந்து நீர் சொட்டியது, துடைக்கவில்லை.
"இவளுக்கு முதுகு வலி எப்போதிலிருந்து?"
கேட்டது என்னிடம், அவளிடம் அல்ல.
"எனக்குக் காற்றை மட்டும்தான் அளக்கத் தெரியும்."

முடியைப் பிழிந்துகொண்டிருந்த மார்தீஸ்
தரையைப் பார்த்துச் சொன்னாள்:
"விரலைக் காட்டும்போதெல்லாம் உன் கண்ணைப் பார்ப்பேன்.
மன்னிப்புக் கேட்பது போல இருக்கும்."

மூன்று சனிக்கிழமை வரவில்லை.
நான்காவது வாரம் நான் வாய் திறப்பதற்குள்
அவனே பதினைந்தைத் தோளில் ஏற்றினான்.
"கல்லறைக் கல் கனம்" என்று திட்டினான்.
"இடுப்பில் ஈயம் இரண்டு கிலோவைக் குறை" என்றேன்.
தொப்பை வெளியே இருந்தது, அதன் பாட்டுக்கு.
அவள் கையில் பத்து லிட்டர்.
ஏழு, குட்டித் துடுப்புகளுக்குப் பக்கத்தில்,
தன் பழைய இடத்தில்.

முப்பத்தெட்டு நிமிடம் கழித்து
புனிதர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வைதுகொண்டே
படியேறி வந்தான்.
ஐம்பது.
அவள் தன் மானியை அவன் பக்கம் திருப்பினாள்.
அறுபத்தைந்து.
"அதில் எனக்கு எவ்வளவு?" என்றான்.

அடுத்த குழு காத்திருந்தது.
பஞ்சைக் காதில் வைத்து
இயந்திரத்தை முடுக்கினேன்.
அவள் உதடு அசைந்தது தெரியும்.