ஓத அட்டவணை

இன்று காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு நீர் வற்றி நிற்கும்.
இங்கே அல்ல. சேலத்தில் எது வற்றினாலும் அதற்கு நேரம் கிடையாது.
அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்,
கேஸ் புக் பண்ண வேண்டிய தேதிக்கும்
பல் டாக்டர் நம்பருக்கும் நடுவில்.
நாளைக்கு ஏழு நாற்பது. மறுநாள் எட்டரை.
தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம்
கடல் தாமதமாகும்,
எங்கள் டவுன் பஸ்ஸைப் போல.
ஆனால் சொல்லிவிட்டு.

பயிற்சிப் படிவத்தில் ஒரு வரி இருந்தது:
இருநூறு மீட்டர் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும்.
அம்மாப்பேட்டைக்காரி எங்கே போவாள்?
அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு கிணறு கிடைத்தது.
தோப்புக்காரர் மணிக்கு நூறு ரூபாய் வாங்கினார்,
மோட்டார் ஓடும்போது இறங்கக் கூடாது.
சுவருக்குச் சுவர் பத்து மீட்டர்.
இருபது தடவை கல்லைத் தொட்டால் நான் கடலுக்குத் தகுதி.

கள நிலையத்தில் முதல் நாள்
பத்தாவது மீட்டரில்
உடம்பு தானாகத் திரும்பியது.
கை நீட்டினேன். சுவர் இல்லை.
தூத்துக்குடி வெனிஸ்டா மிதந்தபடியே கேட்டாள்,
"ஏட்டி, எங்க திரும்புத?"

இருபத்தொரு நாள்.
உப்பில் வெளுத்த தலைமுடி,
தண்ணீருக்கடியில் எழுதும் பிளாஸ்டிக் சிலேட்டு,
பிவிசி குழாயில் செய்த அரை மீட்டர் சதுரம்.
பாறைமேல் சதுரத்தை வை, உள்ளே இருப்பதை எண்ணு,
வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் எண்ணாதே.
கல்லைத் தூக்கினால்
அதே முகமாகத் திரும்ப வை.
அடியில் இருப்பவற்றுக்கு அது கூரை.

இரவில் நுண்வலை இழுப்போம்.
ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்
முள் மூக்கும் பெரிய கண்ணுமாக
துடித்துக்கொண்டிருக்கும் நண்டின் பிள்ளை.
நண்டைப் போல அதில் ஒன்றுமே இல்லை.
பல தோல் உரித்து, வாரக்கணக்கில் அலைந்து,
ஆயிரத்தில் ஒன்று நண்டாகும்.
மீதியெல்லாம் யாருக்கோ சாப்பாடு.

திரும்பி வந்து நாலு மாதம்.
சனிக்கிழமை விடியும் முன்
தம்பி பூவரசனின் பைக்கில் ஏற்காடு.
இருபது கொண்டை ஊசி வளைவுகள்,
தோளில் பிவிசி சதுரம்.
டீக்கடையில் ஒருவர் கேட்டார், ஆன்டெனாவா?
ஆமாம் என்றேன்.
"இங்க என்ன கடலா இருக்குது?" என்றான் பூவரசன்,
பஜ்ஜி போட எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்துக்கொண்டே.

காப்பித் தோட்டத்தைத் தாண்டி ஒரு ஓடை.
கணுக்கால் ஆழம், குளிர் மட்டும் இடுப்புவரை.
சதுரத்தை வைத்தேன்.
மூன்றாவது கல்லுக்கடியில் பழுப்பு நண்டு,
வயிற்று மடிப்பு புடைத்து.
விரலால் லேசாக விலக்கினால்
உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு
கடுகளவு நண்டுகள்.
காலும் கொடுக்கும் எல்லாம் சேர்த்து, முழு நண்டுகள்.
முள் மூக்குப் பருவம்
முட்டைக்குள்ளேயே முடிந்திருந்தது.
அலைய வேண்டிய கடலை எல்லாம்
அந்த ஓட்டுக்குள்ளேயே அலைந்து தீர்த்துவிட்டு
இந்த ஓடையில் பிறந்திருக்கின்றன.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.
கொஞ்சம் கோபமும்:
உங்களுக்கு யாரும் படிவம் தரவில்லையா?

சிலேட்டில் எழுதினேன்.
சதுரம் ஒன்று. நண்டு ஒன்று.
குஞ்சுகள்: எண்ணவில்லை.
கல்லை அதே முகமாக வைத்தேன்.
மணி ஆறு ஐம்பத்தைந்து.
வெனிஸ்டா இப்போது முழங்கால் நீரில் குனிந்திருப்பாள்,
போன் அடித்தால் எடுக்க மாட்டாள், கை ஈரம்.

இறங்கும்போது பின்சீட்டில் வளைவுகளை எண்ணினேன்.
இருபதும் முடிந்து
அடிவாரத்தில் சாலை நேரானது.
உடம்பு மட்டும்
இன்னும் ஒன்றுக்காகச் சாய்ந்தது.