ஒரு டிகிரி

ஔலுவில் காலை ஒன்பதரை ஆகியும்
விடிய மனமில்லை வானத்துக்கு.
கணினி அப்போதுதான் ஓய்ந்தது,
பதினான்கு மணி நேரம்
ராய்லி ஹொன்கசாலோவின் தலைக்குள் இருந்துவிட்டு.

ராய்லி என்றால் ராய்லி அல்ல.
அவருடைய பழைய படங்களிலிருந்து நான் செதுக்கிய இன்னொருத்தி.
எலும்புக்கு ஓர் எண், கொழுப்புக்கு ஓர் எண்,
மூளையைச் சூழ்ந்த நீருக்கு ஓர் எண்.
முடி இல்லை. பெயர் இல்லை. கை நடுக்கமும் இல்லை.

இருவருக்கும் பொது அந்தக் கம்பி:
நெஞ்சுத் தோலடியில் இருக்கும் கருவியிலிருந்து கிளம்பிக்
கழுத்தேறி, காதுக்குப் பின்னால் வளைந்து
மூளையின் அடியாழம் வரை.
எம்.ஆர்.ஐ. அலைகளுக்கு அது ஆண்டெனா.
வாங்கியதையெல்லாம் நுனியில் கொண்டுபோய்க் கொட்டும்.
பட்டாணியிலும் சிறிய அந்த இடத்தில்
எத்தனை டிகிரி கூடும் என்பதே
எனக்குக் கொடுத்திருக்கும் வேலை.

டிசம்பரில் பனியில் வழுக்கியதிலிருந்து
அவருக்கு இடது கை மரத்துப்போகிறது.
கழுத்தைப் படமெடுக்காமல் தீராது.

முதல் கணக்கில் நான்கு கூடியது.
திரையில் நுனி சிவந்ததைப் பார்த்தபடியே இருந்தேன்.
பிறகு எக்ஸ்ரேயைப் பெரிதாக்கினால்,
மிஞ்சிய கம்பியை அறுவை மருத்துவர்
மண்டையோட்டின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறார்;
நான் நேராக இழுத்து வரைந்திருக்கிறேன்.
சுற்றைச் சேர்த்ததும் முக்கால்.
மீண்டும் போட்டேன். முக்கால்.
தலையை இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போட்டேன்.
ஒன்றுக்குச் சற்றுக் கீழே.

"ஒரு டிகிரிக்கா இத்தனை பயம்?" என்றார் ராய்லி,
முப்பது வருடம் ரொட்டி வண்டி ஓட்டியவர்.
"சனிக்கிழமைதோறும் எண்பது டிகிரி சவுனாவில் உட்காருகிறேன்.
இன்னும் தண்ணீர் ஊற்று என்று நச்சரிப்பதும் நான்தான்."
வியர்க்கத் தெரிந்த தோல் வேறு, இது வேறு என்றேன்.
சிரித்தார். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஸ்கேனுக்கு முன் கருவியை அணைத்தாக வேண்டும்.
நர்ஸ் பிர்யோ பொத்தானை அழுத்திய சில நிமிடத்தில்
திரும்பி வந்துவிட்டது வலது கையின் நடுக்கம்,
நாலு வருடம் வெளியூர் போயிருந்ததுபோல,
போர்வையைத் தட்டிக்கொண்டு, தட்டிக்கொண்டு.
இதற்கு நான் எண் எதுவும் கொடுத்திருக்கவில்லை.

"அசையாதீர்கள்" என்று சொல்ல வேண்டிய நாங்கள்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பிர்யோ காதை அடைத்துக்கொண்டு உள்ளே போய்
அந்தக் கையைத் தன் இரு கைக்குள் வைத்துக்கொண்டாள்,
நடுவில் மடித்த துவாலை.
தோலோடு தோல் படக்கூடாது என்று நான்தான் சொன்னேன்.

பத்தொன்பது நிமிடம்.
என் கணக்குச் சரி என்று எனக்குத் தெரியும்.
ஆனாலும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருவியை முடுக்கிக் கை அடங்கியதும்
"அந்த இன்னொருத்தி என்ன ஆனாள்?" என்றார்.
நாற்பத்தோரு முறை சுட்டுவிட்டேன் என்றேன்.
"பாவம்" என்றார், காலுறையை இழுத்துவிட்டபடி,
"அவளுக்கு ஒரு காபி வாங்கிக் கொடு."