பயண நோக்கம்

முதல் விமானத்துக்குத் தண்ணீரால் தோரணம் கட்டின
இரண்டு தீயணைப்பு வண்டிகள்.
வைகாசி வெயில்.
குழாயைப் பிடித்திருந்த நிமலரூபன் கேட்டான்:
"இந்தத் தண்ணி வெங்காயத்துக்கு
எத்தினை இறைப்புக் காணும், சொல்லும் பாப்பம்?"
நான் சொல்லவில்லை. சீருடை புதிது,
மார்பில் 'ஆலா எயார்' என்று
ஊசி குத்திய சின்னப் பறவை.

மேடையில் ஏறியவர்கள் எல்லோருக்கும்
வாயில் ஒரே சொல்: சுற்றுலா.
கோட்டைக்குச் சுற்றுலா, தீவுகளுக்குச் சுற்றுலா,
நண்டுக் குழம்புக்கும் சுற்றுலா.
பலாலியிலிருந்து இரத்மலானை ஒரு மணி பத்து நிமிடம்.
அறிமுக விலை, சொகுசு பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் கூட.
கைப்பை ஐந்து கிலோ. தண்ணீர்ப் போத்தல் காசுக்கு.
யன்னல் ஆசனம் அறுநூறு ரூபாய் மேலதிகம்.

மூன்றாம் நாள் இராசமலர் வந்தா.
தராசில் வைக்க அவவிடம் ஒன்றுமில்லை.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காணி உறுதி,
மடிப்புகளில் கிழிந்து, நாடா ஒட்டியது.
"எந்தப் பக்கம் இருந்தால் வசாவிளான் தெரியும், பிள்ளை?"

அது காற்றைப் பொறுத்தது என்றேன்.
சோளகம் என்றால் தென்மேற்கே எழும்பும்.
வாடை என்றால் கடலுக்கு மேலே,
காணி தெரியாது, வள்ளங்கள் தெரியும்.
அவ வெளியே போய்க்
கொடிக்கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்தா.
"சோளகம்தான். இடமோ வலமோ?"
இடம் என்றேன்.
ஆறு நூறு ரூபாய்த் தாள்கள். ஒன்று நனைந்திருந்தது.

விமானம் இருபது நிமிடம் பிந்தியது.
அவ உறுதியை வாசித்தா,
நொத்தாரிசின் தமிழ், ஒரே மூச்சில்:
சீதனமாக ஒன்பது பரப்பு,
வடக்கு வைரவர் கோயில் தருமக் காணி,
கிழக்கு ஒழுங்கை,
தெற்கு செல்லையா மகள் பூரணம் பங்கு,
மேற்கு வேலி,
பங்குக் கிணறும் வழிவாய்க்கால் உரிமையும் உட்பட.
"பதினொரு மாதம் இருந்தனாங்கள்."
எந்த ஆண்டு என்று நான் கேட்கவில்லை.
என் அப்பாவின் அடையாள அட்டையில்
இன்னும் மயிலிட்டிதான்.

பிறகு படிவம். தலைமையகக் கட்டளை.
பயண நோக்கம்:
சுற்றுலா, வியாபாரம், உறவினர், மருத்துவம்.
அவ பேனையை ஒவ்வொரு பெட்டிக்கு மேலும்
கொண்டுபோய் நிறுத்தி, எடுத்து,
"காணி பாக்கிறது எண்டு இல்லையோ?"
இல்லை.
மடித்து என் கையில் தந்தா.

ஏணியடியில் கொஞ்சம் நின்றா.
கொங்கிறீற்றைச் செருப்பால்
ஒரு தரம் தட்டிப் பார்த்தா.
பின்னால் கமெராவோடு ஒரு வெள்ளைக்காரர்
பொறுமையாக நின்றார்.

நான்கு நாள் கழித்து அதே வாசலால் வந்தா.
தெரிஞ்சுதோ என்று கேட்டேன்.

"கிணறு தெரிஞ்சுது, மூடிக்கிடக்கு.
வைரவர் இருக்கிறார், கூரையில்லை.
அவரிலையிருந்து அளந்துகொண்டு வந்தன்,
கண்ணாலைதான்.
உங்கடை ஏணி நிண்டது
ஒழுங்கைக்கு இஞ்சாலைப் பக்கம்.
என்ரை காணியிலை ஏறி
என்ரை காணியிலை இறங்கியிருக்கிறன்.
யன்னலுக்கு அறுநூறு, சரி.
மிச்சக் காசு ஏன் எடுத்தனியள்?"

நான் சிரித்துவிட்டேன். அவவும் சிரித்தா.
பிறகு என் வாய் பழக்கத்தில் சொன்னது:
"அறிமுக விலைச் சீட்டு, அம்மா.
திருப்பிக் குடுக்கிறேல்லை."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.
அவ உறையை அக்குளில் வைத்துக்கொண்டு
ஓட்டோக்காரனோடு பேரம் பேசப் போயிட்டா.

மாதக் கடைசியில் படிவங்களை எண்ணினேன்.
அவவுடையதில் நாலு பெட்டியும் வெறுமை.
ஓரத்தில் பேனையால் கீறிய ஐந்தாவது சதுரம்,
உள்ளே ஒரு சரி. பெயரில்லை.
கணினி ஐந்தாவதை ஏற்கவில்லை.
மூன்று தரம் அடித்துப் பார்த்துவிட்டு
சுற்றுலா என்று போட்டேன்.

அறுபத்தொரு வீதம் சுற்றுலாப் பயணிகள்
என்று அறிக்கை போனது. கேக் வெட்டினார்கள்.
கிறீம் துடைத்த கையால்
ஒரு துண்டுத் தாளில் எழுதி
கணினியின் ஓரத்தில் ஒட்டி வைத்தேன்,
எனக்குப் பிறகு இருப்பவளுக்கும் உதவும்:

சோளகம் என்றால் இடப்பக்கம்.