இரண்டு மில்லிவினாடிப் பதவி

பகாவிலிருந்து பதினாலாவது கிலோமீட்டர்.
செம்பனை ஆலையின் கட்டுப்பாட்டு அறையில்
நாலாவது வியாழன் இரவாக விழித்திருக்கிறேன்,
மடியில் கணினி,
பக்கத்தில் ஆறிப்போன நாசி லெமாக் பொட்டலம்.

மூன்றே காலுக்குக் கருவி செத்துப் பிழைக்கும்.
காவல் கடிகாரம் பொறுமையிழந்து
அதன் கழுத்தைத் திருகி மறுபடி பிறக்கவைக்கும்.
பிறந்து நிமிர ஏழு வினாடி.
அந்த ஏழுக்கும் கொதிகலனின் தண்ணீரை
அரியபுத்திரன்தான் பார்க்கிறார்,
கண்ணாடிக் குழாயில் டார்ச் அடித்து, எதுவும் பேசாமல்.

"கொதிகலனுக்கு முதல் எண் கொடேன்" என்கிறார்
எஞ்சினியர் ஹாலிம்.
கொடுத்தாயிற்று, துவான்.
ஒன்றுக்கு மேலே எண் இல்லை.

தடத்தை நீட்டிப் பார்க்கிறேன்.
எண்ணெய்த் தொட்டியின் சூட்டைக் குறிக்கும் கடைசி இழை,
எல்லோரும் ஓய்ந்தால் மட்டும் மூச்சுவிடுவது,
கம்பியின் பூட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது.
இரண்டு மில்லிவினாடி வேலை.
நீர்மட்டம் பார்க்கும் முதல் இழைக்கும் அதே கம்பி.
வந்து வாசலில் நிற்கிறது.
நிற்கட்டும், இரண்டு மில்லிவினாடி
யாரும் நிற்கலாம்.

அப்போதுதான் லாரிகள்.
வியாழன் இரவில் சுற்றுவட்டத் தோட்டமெல்லாம்
குலைகளைச் சேர்ந்தாற்போல் அனுப்பும்.
எடைமேடையில் சீட்டு, சீட்டு, சீட்டு.
சீட்டடிக்கும் நடு இழைக்குக்
கம்பியும் வேண்டாம், பூட்டும் வேண்டாம்.
கடைசி இழையைவிடத் தான் பெரியவன்
என்பது மட்டும் தெரியும்.
உள்ளே இருப்பவனைப் பாதி வேலையில் உட்காரவைக்கிறது.
அவன் எழுந்தால்தான் கதவு,
கதவு திறந்தால்தான் ராஜா.
ராஜா நிற்கிறார்,
தன்னைத் தடுப்பதே அறியாத ஒரு குமாஸ்தாவுக்காக.

"அப்போது யார்மேல் தப்பு?"
தேடினேன்.
பூட்டைப் படைக்கும் வரியில் ஒரு கொடி. பூஜ்ஜியம்.
அருகே ஒரு குறிப்பு:
தேவைப்படாது, வேகத்துக்காக எடுத்தேன்.
அதன்கீழ் என் முதலெழுத்துகள்,
மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.
அன்றைக்கு என்ன அவசரமோ, நினைவில் இல்லை.

"ஒரு செட்டிங், துவான்" என்றேன்.
கொஞ்சம் கழித்து,
"நான் வைத்தது" என்றேன்.

பூஜ்ஜியத்தை ஒன்றாக்கினேன்.
இனிமேல் பெரியவர் வாசலில் காத்திருக்கும்வரை
உள்ளே இருப்பவனுக்கு அவருடைய எண் இரவல்.
பூட்டைத் திருப்பிக் கொடுத்த கணம்
எண்ணையும் கொடுத்துவிட வேண்டும்.
இந்த ஆலையில் எந்தத் துவானும்
கூட்டிப் பெருக்குகிறவரிடம்
நாற்காலியை நகர்த்தி, முடித்துவிட்டுக் கொடுங்கள்
என்று சொல்லி நான் பார்த்ததில்லை.
நிரலுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

அடுத்த வியாழன், மூன்றே கால்.
வாசல்வரை லாரிகள்.
திரையின் அடியிலிருந்து ஒரு மெல்லிய கோடு
உச்சிக்குத் தாவியது,
இரண்டு மில்லிவினாடி அங்கே நின்றது,
இறங்கியது.
கருவி சாகவில்லை.
அரியபுத்திரன் டார்ச்சைச் சட்டைப்பையில் போட்டார்.
லாரிக்காரர் குணாளன் சீட்டைக் கிழித்தபடி
கொட்டாவி விட்டார்;
அவருக்கு எதுவும் தாமதமாகத் தெரியவில்லை.

கடைசி இழை, தன் பழைய இடத்தில்,
எழுதிக்கொண்டிருந்தது:
தொட்டி மூன்று, ஐம்பத்திரண்டு டிகிரி.